இரண்டு கட்டில், ஒரு சாவி

470 விமானங்களுக்கு ஒரே மூச்சில் ஆர்டர் கொடுத்த நிறுவனம் ஏர் இந்தியா. 2023 பிப்ரவரியில் ஏர்பஸ்ஸிடம் 250, போயிங்கிடம் 220. நம் பிரதமரும் பிரான்ஸ் அதிபரும் காணொலியில் தோன்றி வாழ்த்தும் அளவுக்குத் தடபுடல் கல்யாணம். மறு வருஷமே கல்யாண வீட்டார் செலவுக் கணக்கோடு உட்கார்ந்தார்கள். எதில் மிச்சம் பிடிக்கலாம்? தேடித் தேடிக் கண்டுபிடித்துவிட்டார்கள். விமானத்தில் சோறு போடுகிற பிள்ளைகள் வெளியூர் ஓட்டலில் ராத்தங்குகிறார்களே, அவர்களுக்கு ஆளுக்கொரு அறை எதற்கு?

விஸ்தாரா என்ற இன்னொரு விமான நிறுவனம், ஏர் இந்தியாவோடு 2024 நவம்பர் 12 அன்று இணைந்தது. டிசம்பர் 1 முதல் கேபின் குழுவினர் அறைக்கு இரண்டு பேராகத் தங்க வேண்டும் என்று உத்தரவு. இரண்டு கம்பெனிகளின் விதிகளை ஒன்றாக்குகிறார்களாம். இப்படி ஒன்றாக்கும் வேலையில் எப்போதும் மலிவானதுதான் ஜெயிக்கும். கல்லூரி மெஸ்ஸில் சாப்பிட்டவர்களுக்கு இது தெரியும். சுமார் எட்டு வருஷ அனுபவம் உள்ள மூத்தவர்களுக்கும், மிக நீண்ட தூர விமானங்களில் போகிறவர்களுக்கும் மட்டும் விலக்கு. அதாவது மற்ற விமானங்களில் ஒருத்தி எட்டு வருஷம் தள்ளுவண்டி தள்ளி முடித்தால்தான் தனியாகக் குறட்டை விடும் உரிமை சித்திக்கும். விமானிக்கு இந்தத் தொல்லை கிடையாது. மூளை காக்பிட்டில் மட்டுமே இருக்கிறது என்றும், அதற்கு மட்டுமே தூக்கம் தேவை என்றும் யாரோ முடிவு கட்டியிருக்கிறார்கள்.

அகில இந்திய கேபின் குழுவினர் சங்கம் தொழிலாளர் அமைச்சகத்துக்குக் கடிதம் எழுதியது. ஓய்வு கெடும், அந்தரங்கம் போகும் என்றது. ஏர் இந்தியாவுக்கும் அதை வைத்திருக்கும் டாடா குழுமத்துக்கும் தலைவராக இருப்பவர் நம்ம நாமக்கல் மாவட்டத்து மோகனூர்க்காரர். ஒரு தமிழர் இவ்வளவு உயரம் போனதில் பெருமைதான். அந்த உயரத்திலிருந்து பார்த்தால் இரண்டு கட்டில்களுக்கு நடுவே உள்ள இடைவெளி தெரியாமல் போவதும் இயற்கைதான்.

அந்த அறை எப்படி இருக்கும் என்று கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். மந்தைவெளியில் எனக்குத் தெரிந்த ஒரு பெண் இந்த வேலையில் இருக்கிறாள். எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம். அறைக்கு வந்ததும் அவள் முதலில் செய்வது கதவு சாத்தாமல் இருக்கப் பெட்டியை வாசலில் முட்டுக்கொடுப்பது. பிறகு குளியலறை, அலமாரி, திரைக்குப் பின்புறம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் பெட்டியை உள்ளே இழுத்துக் கதவைப் பூட்டுவாள். லாபியில் சாவி வாங்கும்போது அறை எண்ணை யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. இதெல்லாம் மூத்தவர்கள் இளையவர்களுக்குக் காதோடு சொல்லிக்கொடுப்பது. அடுத்தது திரைச்சீலை. எந்த ஓட்டல் திரையும் முழுசாக மூடாது. நடுவில் ஒரு கீற்று வெளிச்சம் சரியாகக் கண்ணில் வந்து விழும். பேன்ட் மாட்டும் ஹேங்கரில் இரண்டு கிளிப் இருக்கும் இல்லையா, அதைக் கொண்டு திரையின் இரண்டு முனைகளையும் சேர்த்துக் கவ்வவைப்பாள். காலணியைக் கழற்றினால் கால் வீங்கியிருக்கும். கொண்டையிலிருந்து ஊசிகளை ஒவ்வொன்றாக உருவ வேண்டும். ஸ்ப்ரே அடித்து அடித்து முடி கயிறாகியிருக்கும். அப்புறம் கெட்டிலில் வெந்நீர் வைத்து உப்புமா மிக்ஸ். பெட்டியின் ஓரத்தில் சாக்ஸுக்குள் சுருட்டிய அடையார் கிராண்ட் ஸ்வீட்ஸ் புளிக்காய்ச்சல் பாட்டில். ஊரே கண்சிமிட்டிப் பேசுகிற அந்த ‘லேஓவர்’ ராத்திரியின் கேளிக்கை முழுவதும் இவ்வளவுதான்.

இப்போது அந்த அறையில் இன்னொருத்தியைக் கொண்டுவந்து போடுங்கள். தோழி இல்லை, அன்று புறப்படுவதற்கு முன் நடந்த பிரீஃபிங்கில் முதன்முதலாகப் பார்த்த முகம். இவளுக்கு உடனே தூங்க வேண்டும். அவளுக்கு இன்னும் உடம்பு இந்திய நேரத்திலேயே நிற்கிறது. இவள் குளிருக்கு நடுங்குவாள், அவள் ஏசியைப் பதினெட்டில் வைப்பாள். இங்கே மந்தைவெளியில் காலை ஏழரை; குழந்தை ஸ்கூலுக்குப் போக மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது, அம்மாவிடம் பேசினால்தான் ஷூ போடுவேன் என்கிறது. லண்டனில் அப்போது பின்னிரவு. அந்த அம்மா என்ன செய்வாள்? எழுந்து குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, கம்மோடின் மூடி மேல் உட்கார்ந்து, வாயைக் கையால் பொத்திக்கொண்டு, ‘கண்ணா, சாக்ஸ் போட்டியா?’ என்று கிசுகிசுக்கிறாள். வெளியே அந்த இன்னொருத்தி விழித்துக்கொண்டு, விழிக்காத மாதிரி படுத்திருக்கிறாள். மறுநாள் இந்த இருவரில் ஒருத்திதான் நடுவானில் தீப்பிடித்தால் அணைக்க வேண்டும். தொண்ணூறு நொடிக்குள் விமானத்தைக் காலிசெய்ய வேண்டும். மாரடைப்பு வந்தவருக்கு நெஞ்சை அழுத்த வேண்டும். சோறு போடுவது அவர்கள் வேலையில் கடைசிப் பகுதி. பயணிகளுக்கு அது தெரியாவிட்டால் பரவாயில்லை. கம்பெனிக்கும் தெரியாவிட்டால் எப்படி?

இந்த உத்தரவு வருவதற்குச் சில மாதங்கள் முன்புதான், 2024 ஆகஸ்ட் மாதத்தில், லண்டனில் ஓட்டல் அறைக்குள் அந்நியன் ஒருவன் புகுந்து ஏர் இந்தியாப் பணிப்பெண் ஒருவரைத் தாக்கினான். அதற்குப் பிறகு ஒரு நிறுவனம் எழுதவேண்டிய முதல் உத்தரவு பூட்டைப் பற்றியதாக இருக்கும், தளத்தில் நிற்கும் காவலாளைப் பற்றியதாக இருக்கும், எந்த ஓட்டலோடு ஒப்பந்தம் போடுவது என்பதாக இருக்கும் என்று நினைத்தவன் நான். அந்த வருஷக் கடைசியில் ஊர் முழுக்கப் பேசப்பட்ட உத்தரவு கட்டிலைப் பற்றியதாக இருந்தது.

மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலை நடை முடித்து பெஞ்சில் உட்காருகிற கோஷ்டியில் இந்தப் பேச்சை எடுத்துப் பார்த்தேன். எடுத்திருக்கக் கூடாது.

“ஏர்ஹோஸ்டஸா? ராத்திரியெல்லாம் ஓட்டல்லன்னா தங்கணும்? பொண்ணு ஜாதகம்கூட வந்தது சார், வேண்டாம்னுட்டோம்.”

“ரெண்டு பேரா தங்கினா நல்லதுதானே? ஒருத்திக்கு ஒருத்தி காவல்.”

இதைச் சொன்னவரின் மகன் ஆன்சைட்டில் நியூஜெர்சி போய் மூன்று மாதமாக ஓட்டலில்தான் இருக்கிறான். அதைப் பற்றிக் கேட்டால் குரல் தழுதழுக்கிறது: “பாவம் சார், சாப்பாட்டுக்கே திண்டாடறான்.” அவன் ஓட்டலில் தங்கினால் தியாகம். இவள் தங்கினால் நடத்தை. அவனுக்குக் காவலாக ஒரே அறையில் இன்னொரு சாப்ட்வேர் பையனைப் போடலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை. அதே மகனைப் பார்க்க இந்த மாமா ஃபிராங்பர்ட் வழியாகப் போகும்போது மூன்றாவது விஸ்கிக்கு மணி அடிப்பார், வரத் தாமதமானால் ‘எக்ஸ்கியூஸ் மீ’ என்று கையைச் சொடுக்குவார் என்பது வேறு விஷயம்.

அடையாறு கஸ்தூரிபா நகரில் வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் ‘ஃபேமிலிக்கு மட்டும்’. சரி, பி.ஜி. பார்க்கலாம் என்றால் ‘பத்து மணிக்கு கேட்டைப் பூட்டிடுவோம்மா’. ராத்திரி இரண்டு மணிக்கு கம்பெனி கார் வாசலில் வந்து நின்றால் எதிர்வீட்டு ஜன்னலில் விளக்கு எரிகிறது. சீருடை போட்ட பெண் வேலைக்குக் கிளம்புவதைப் பார்ப்பதற்கு அந்த ஜன்னல் விழித்திருக்கும்; அதே தெருவில் விடிகாலை நான்கு மணிக்குப் பால் பாக்கெட் திருடுபவனை அது ஒரு நாளும் பார்த்ததில்லை.

லேஓவர் என்றாலே கும்மாளம் என்கிற இந்தக் கற்பனை எங்கிருந்து வந்தது? மயிலாப்பூரில் மட்டும் முளைத்ததில்லை. 1967-இல் அமெரிக்காவில் ‘காபி, டீ ஆர் மீ?’ என்று ஒரு புத்தகம் வந்தது. இரண்டு பணிப்பெண்கள் தங்கள் ஊர்சுற்றல்களையும் ஓட்டல் இரவுகளையும் குறும்பாகச் சொல்கிற சுயசரிதை என்று சொல்லி விற்றார்கள். லட்சக்கணக்கில் விற்றது. அந்த இரண்டு பெண்களும் கிடையாது. எழுதியவர் டொனால்ட் பெய்ன் என்ற ஆண். அமெரிக்கன் ஏர்லைன்ஸில் மக்கள் தொடர்புப் பிரிவில் வேலை பார்த்தவர். உலகத்தில் பாதிப் பேர் இன்று வரை பணிப்பெண்களைப் பற்றி ரகசியமாகச் சிரிக்கிற சிரிப்பு, மக்கள் தொடர்பு ஆசாமி ஒருவர் தட்டச்சில் அடித்துக் கொடுத்தது.

கும்மாளத்துக்கு நேரம் எங்கே இருக்கிறது என்று கணக்கும் போடலாம். ராத்திரி பதினொன்றரைக்கு டில்லியில் இறங்கினால் ஓட்டல் போய்ச் சேர ஒன்று. காலை பதினொன்றுக்குத் திரும்ப வண்டி வரும். பறப்பதற்கு 12 மணி நேரம் முன்பே மதுவைத் தொடக்கூடாது என்பது இந்திய விதி. 2023-இல் விமானப் போக்குவரத்து இயக்ககம் இன்னும் ஒரு படி மேலே போய், ஆல்கஹால் கலந்த மவுத்வாஷில் வாய் கொப்பளிக்கவும் தடை போட்டது. சரிதான், அதில் எனக்குச் சண்டை இல்லை, பாதுகாப்பு விஷயம். வாய்க்குள் போகிற ஒரு மூடி திரவத்தைக்கூட இவ்வளவு நுணுக்கமாகக் கண்காணிக்கத் தெரிந்த நாட்டில், அந்த வாய் எத்தனை மணி நேரம் மூடித் தூங்கியது என்று கேட்பதற்கு இவ்வளவு அக்கறை காட்டுவாரில்லை என்பதுதான் என் எரிச்சல்.

பணிப்பெண்ணுக்கு ஒழுக்கம் கற்பிப்பது இந்தியாவில் பழைய தொழில். ஏர் இந்தியாவின் அன்றைய விதிப்படி அவள் 35 வயதில் ஓய்வு பெற வேண்டும். சேர்ந்த நான்கு ஆண்டுக்குள் கல்யாணம் செய்துகொண்டால் வேலை போகும். முதல் முறை கர்ப்பமானால் போகும். எது முந்துகிறதோ அது. நர்கேஷ் மீர்சா என்ற பணிப்பெண் பெயரில் அமைந்த வழக்கில் 1981-இல் உச்ச நீதிமன்றம் கர்ப்ப விதியைத் தூக்கி எறிந்தது. வாழ்க. அதே தீர்ப்பு நான்கு ஆண்டுக் கல்யாணத் தடையைச் செல்லும் என்றது. அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்துக்கு அது உதவும் என்பது! நாட்டின் ஜனத்தொகையைக் கட்டுப்படுத்தும் பொறுப்பை, தட்டில் மிட்டாய் ஏந்தி நின்ற சில நூறு பெண்களின் இடுப்பில் கட்டிவிட்ட நாடு இது.

அப்புறம் எடை. 2009 ஜனவரியில் எடை கூடிவிட்டது என்று பணிப்பெண்கள் பத்துப் பேரை ஏர் இந்தியா வேலையை விட்டே அனுப்பியது. 1946-இலிருந்து அந்தக் கம்பெனியின் அடையாளமாகக் குனிந்து கும்பிட்டுக்கொண்டு நின்ற மகாராஜாவின் தொந்தியை யாராவது எடை மேடையில் ஏற்றியதுண்டா? தனியார் கைக்கு வந்த பிறகு, 2022 நவம்பரில் புதிய அலங்கார விதிகள்: பொட்டு வைத்தால் அரை சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, நரைத்தால் சாயம் பூச வேண்டும், ஆண்களுக்கு முன்மண்டை ஏறிவிட்டால் மழித்துவிட வேண்டும். பொட்டுக்கு அரை சென்டிமீட்டர் அளந்து வைக்கத் தெரிந்தவர்களுக்கு, ஒரு மனுஷிக்கு எத்தனை சதுர அடி தனிமை வேண்டும் என்று அளக்க மட்டும் ஸ்கேல் கிடைக்கவில்லை.

ஒழுக்கம் தேவைப்படுகிற இடம் விமானத்தில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது டிக்கெட் வாங்கிக்கொண்டு வருகிறது. 2022 நவம்பர் 26 அன்று நியூயார்க்கிலிருந்து டில்லி வந்த ஏர் இந்தியா விமானத்தில், பிசினஸ் வகுப்பில், குடித்திருந்த ஒருவர் மூதாட்டி மேல் சிறுநீர் கழித்ததாக எழுந்த புகாரை நாடே பேசியது. அதற்காக வேலையிலிருந்து இறக்கிவைக்கப்பட்டவர்களில் விமானி ஒருவரும் கேபின் குழுவினர் நால்வரும் இருந்தார்கள். அடுத்த மாதமே இஸ்தான்புல்லிலிருந்து வந்த இண்டிகோ விமானத்தில் சாப்பாட்டுத் தகராறு. நான் ஊழியர், உங்கள் வேலைக்காரி இல்லை என்று ஒரு பணிப்பெண் பதிலுக்குச் சொன்ன காணொலியை நாமெல்லாம் பார்த்தோம். பாதிப் பேர் கை தட்டினார்கள். மீதிப் பேர், ‘என்ன இருந்தாலும் பயணியிடம் இப்படிப் பேசலாமா?’ என்றார்கள். அந்த மீதிப் பேரில் நிறையப் பேர் நம்ம ஏரியா.

இந்த இடத்தில் ஒரு புத்திசாலி குறுக்கிடுவார். ‘ஸ்டார் ஓட்டலில் ஏசி அறையில் தங்குகிறவர்களுக்கு என்ன புலம்பல்? ரங்கநாதன் தெரு ஜவுளிக்கடைப் பெண்களைப் பாருங்கள். ஒரு ஹாலில் வரிசையாகப் பாய் போட்டுப் படுக்கிறார்கள்.’ சரி, பார்ப்போம். தி.நகர் கடையில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் பெண் உட்காருவதற்கு ஒரு ஸ்டூல் வேண்டும் என்று இந்த மாநிலத்தில் 2021-இல் சட்டத்தையே திருத்தவேண்டி வந்தது. அவ்வளவு பண்பாடு நமக்கு. வசந்தபாலன் 2010-இல் ‘அங்காடித் தெரு’ எடுத்தார். அழுதுவிட்டு வந்து அதே தெருவில் ஆடித் தள்ளுபடிக்கு வரிசையில் நின்றோம். கடைப் பெண்ணின் பாயைக் காட்டி விமானப் பெண்ணின் கட்டிலைப் பிடுங்குகிறவர், கடைப் பெண்ணுக்கு ஒரு கட்டில் வாங்கித் தருவதற்காகவா அப்படிச் செய்கிறார்? இல்லை. நாளை கடைக்காரர் இவரையே மேற்கோள் காட்டுவார்: ‘விமானக் கம்பெனியிலேயே ரெண்டு பேரைத்தான் போடுறான், நாங்க முப்பது பேரைப் போட்டா என்ன?’ கீழே இருப்பவரை மேலே ஏற்றுவதற்கு இந்த ஊரில் ஒப்பீடு பயன்பட்டு நான் பார்த்ததில்லை.

அமெரிக்காவில் நார்த்வெஸ்ட் ஏர்லைன்ஸ் என்று ஒன்று இருந்தது. பணிப்பெண்களின் வேலையையே செய்த ஆண் பர்சர்களுக்கு வெளியூரில் தனி அறை; பெண்களுக்கு அறைக்கு இரண்டு பேர். சம்பளத்திலும் வித்தியாசம், எடை விதி பெண்களுக்கு மட்டும். மேரி பாட் லாஃபி என்ற பணிப்பெண் 1970-இல் வழக்குப் போட்டார். 1973-இல் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. அறை பகிரும் விதியும் அந்தப் பாகுபாடுகளில் ஒன்று என்றது. கம்பெனி விடுமா? மேல்முறையீடு, மறுபடி மேல்முறையீடு. பணம் பெண்களின் கைக்கு வந்தபோது 1980-களின் நடுப்பகுதி. அதற்குள் முதலில் வழக்குப் போட்ட தலைமுறையின் தலை நரைத்திருக்கும். நம் ஊர் விதிப்படி சாயம் பூச வேண்டிய அளவுக்கு.

ஐம்பது வருஷம் முன்பு வேறொரு நாட்டு நீதிமன்றம் குப்பையில் போட்ட வழக்கத்தை இங்கே புது யோசனை மாதிரித் தூசி தட்டி எடுக்கிறார்கள். ஆண்–பெண் பேதத்தை எடுத்துவிட்டு, மூத்தவர்–இளையவர் பேதத்தை வைத்துவிட்டால் சட்டம் கடிக்காது என்ற சாமர்த்தியம் வேறு.

ஓய்வுக்கு விமானக் கம்பெனிகளும் அரசும் தரும் மரியாதை என்ன என்று 2025 டிசம்பரில் நாடே பார்த்தது. விமானிகளின் வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக்கி, இரவில் தரையிறங்குவதற்கு உச்சவரம்பு வைத்த விதிகள், இரண்டு கட்டமாக, நவம்பர் 1-இல் முழுசாக அமலுக்கு வந்தன. நாட்டின் மிகப் பெரிய விமான நிறுவனமான இண்டிகோவுக்குத் தயாராகப் போதுமான அவகாசம் இருந்தது. தயாராகவில்லை. டிசம்பர் 5 அன்று ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேல் விமானங்கள் ரத்து. மீனம்பாக்கத்தில் ஜனங்கள் பெட்டி மேல் தலை வைத்துத் தூங்கினார்கள். கவுண்டரில் இருந்த இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகளைக் கூட்டம் கிழித்தெடுத்தது. அரசு உடனே பாய்ந்து வந்தது. யார் மேல்? ஓய்வின் மேல். இரவு வேலைக் கட்டுப்பாடுகளிலிருந்து அந்த நிறுவனத்துக்கு 2026 பிப்ரவரி 10 வரை விலக்கு கொடுத்தது. ஜனவரியில் 22 கோடியே 20 லட்சம் ரூபாய் அபராதமும் போட்டது; அந்த நிறுவனத்துக்கு அது காபிக் காசு. ‘தூங்கப் போகிறானாம், நாங்க இங்கே தவிக்கிறோம்’ என்று விமானிகளைத் திட்டியவர் தன்னை ஏற்றிக்கொண்டு இரவு மூன்று மணிக்கு மூடுபனியில் இறக்கப்போகிறவன் தூங்காமல் வந்தால் பரவாயில்லை என்று ஒப்புக்கொண்டே திட்டினார்.

ஆகவே விமானக் கம்பெனிப் பெரியவர்களுக்கு மயிலாப்பூர்க்காரன் ஒருவனின் அழைப்பு. உங்கள் அடுத்த இயக்குநர் குழுக் கூட்டத்தைச் சென்னையில் வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் என்றால் சபா கேன்டீனில் சாப்பாடு என் செலவு. தி.நகரில் நல்ல ஓட்டல்கள் இருக்கின்றன. பாண்டி பஜார் நடைபாதை பக்கம்தான். நள்ளிரவு விமானத்தில் வந்து இறங்குங்கள். அறைக்கு இரண்டு பேர். தலைமைச் செயல் அதிகாரியும் நிதி அதிகாரியும் ஒன்றாக, மனிதவளத் தலைவரும் சட்ட ஆலோசகரும் ஒன்றாக. ஒரே குளியலறை, ஒரே ரிமோட், ஒரே சாவி. ஒருவர் நியூயார்க்கோடு போன் பேச வேண்டும் என்றால் கம்மோடின் மூடி இருக்கிறது. காலையில் ஆறு மணிக்கு லாபியில் சவரம் செய்து, சட்டை மடிப்புக் கலையாமல், சிரித்த முகத்தோடு நிற்க வேண்டும். ஜன்னல் பக்கக் கட்டில் யாருக்கு என்பதை நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.